முந்திப்போன கெட்டிமேளம்

திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஜெகதீஸ்வரி வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். வீடியோக்காரர் பால்ச்சாமி வீடு என்று கேளுங்கள், டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்தாமல் தாடையாலேயே வழி காட்டிவிடுவார். பால்ச்சாமியின் சம்சாரம்தான் ஜெகதீஸ்வரி. அந்தம்மா என்ன வேலை பார்க்கிறது என்று அடுத்த கேள்வி கேட்டால், "அது சும்மா வீட்டுல கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கும்" என்று பதில் வரும். அவள் சும்மா உட்கார்ந்திருந்த கதை இது.

அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். படிப்பு முடிந்த கையோடு சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பொம்பளைப் பிள்ளை தனியாக அவ்வளவு தூரம் போய்வரக் கூடாது என்று, போனால் திரும்பி வரவே முடியாத இடத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வந்த இடத்தில் புருஷனுக்கு வீடியோ தொழில். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சிக்காரர் வீட்டு கிரகப்பிரவேசம், எதையும் விடமாட்டார். எடுத்ததை வெட்டி ஒட்டத் திருட்டு சாஃப்ட்வேர் ஒன்று வைத்திருந்தார். அது ஒருநாள் தன் புத்தியைக் காட்டிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுகிற பிள்ளையின் மூஞ்சிக்குக் குறுக்கே, காசு கட்டாத சரக்கு என்று சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் எழுதிவிட்டது. மருமகன் மூஞ்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று மாமன்காரர் வந்து கேட்டார். பால்ச்சாமி அது ஒரு டிசைன் என்றார்.

அன்றைக்குத்தான் ஜெகதீஸ்வரி அதற்குப் பதில் ஓர் இலவசக் கருவியைக் கொண்டுவந்து, வெட்டி ஒட்டுகிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டாள். திருட்டு இல்லை, நிஜமாகவே இலவசம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் எல்லார் கண்ணிலும் படும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். யாரும் பிரித்துப் பார்க்கலாம், ரிப்பேர் பண்ணலாம், பண்ணியதை அனுப்பலாம். சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். தமிழில் பெயர் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்துகொண்டு நின்றது. அதைச் சரிபண்ணி அனுப்பினாள், சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் இன்னொன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, உலையில் அரிசி போட்ட நேரத்தில் இவள் பார்த்த வேலை, பெயர் தெரியாத தேசங்களில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாமியார் ஆவுடைத்தாய்க்கு இதை விளங்கவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சம்பளம் இல்லை, முதலாளி இல்லை, ஆனால் வேலை மட்டும் உண்டு என்றால் எந்த மாமியார் ஒத்துக்கொள்வார்? கடைசியில் ஆவுடைத்தாயே கண்டுபிடித்தார்.

"ஊரே கூடிக் கண்மாய்க்குக் குடிமராமத்துப் பாக்குற மாதிரியா?"

"அதே மாதிரிதான் அத்தை."

"அப்ப அதுல நம்ம வயலு எங்க இருக்கு?"

கண்மாயே பெய்தால்தான் உண்டு என்கிற ஊரில் அது நியாயமான கேள்வி.

இனி வைகாசிக்கு வருவோம். பரளச்சியில் உரக்கடை வைத்திருக்கிற வெள்ளத்துரை, மகள் சுவாதியை அருப்புக்கோட்டையில் இரும்புக்கடைக் குடும்பத்துக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை அசோக். தங்கமான பையன், அம்மா கோகிலாம்பாளைக் கேட்காமல் சட்டைக்குப் பொத்தான் போடமாட்டான். வெள்ளத்துரை ஆசை ஆசையாக வெளியூரிலிருந்து பெரிய மேளம் பிடித்திருந்தார். வீடியோவில் தாலி கட்டுகிற இடத்தில் எல்லாரும் சினிமாப் பாட்டுப் போடச் சொல்வார்கள். இவர் மட்டும், "பாட்டுக்கீட்டு ஒண்ணும் வேண்டாம் பால்ச்சாமி, கெட்டிமேளம் உள்ளபடி கேக்கணும்" என்று சொல்லிவிட்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

ஆடி பிறந்ததும் வழக்கம்போலப் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். அவள் இங்கே பரளச்சியில் இருக்க, வீடியோ அங்கே அருப்புக்கோட்டைக்குப் போனது. கல்யாண வீடியோ வந்தால் அது இன்னொரு கல்யாணம். கோகிலாம்பாள் சொந்தபந்தத்தை எல்லாம் அழைத்து, பெரிய டிவிக்கு முன்னால் ஜமுக்காளம் விரித்து, முறுக்குத் தட்டுகளைச் சுற்றில் விட்டுப் போட்டுக் காட்டினார். யார் சேலை எப்படி, யார் யாரை முறைத்தார்கள் என்று கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்தது. முகூர்த்தம் வந்தது. கெட்டிமேளம் முழங்கியது, முழங்கி ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு, பேச்சு மூச்சில்லாத அமைதியில், அசோக் ஆற அமரக் குனிந்து தாலியைக் கட்டினான். முதல் முடிச்சு விழுகிற நேரம் பார்த்து எவரோ ஓங்கித் தும்மினார்.

கெட்டிமேளம் எதற்கு அடிக்கிறார்கள்? அந்த நேரத்தில் தும்மல், அழுகை, வேண்டாத பேச்சு எதுவும் காதில் விழக் கூடாது என்றுதான். கோகிலாம்பாள் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பார்த்து என்ன, நாலு தெருவுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆடி முடிந்தது. ஆவணி பிறந்தால் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணைக் கூட்டிப்போக வேண்டும். வரவில்லை. ஜோசியரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று ஆள் வந்தது. அசோக்கின் போன் காலையும் மாலையும் என்று இருந்தது, மாலை மட்டும் என்றாகி, அப்புறம் அதுவும் குறைந்தது. வெள்ளத்துரை ஒருநாள் பால்ச்சாமியின் கடைக்கு வந்தார். கத்துவார் என்று பால்ச்சாமி முன்னேற்பாடாக ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார். வந்த மனுஷர் கத்தவில்லை. குனிந்து உள்ளே நுழைந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எம் மக வீட்ல உக்காந்திருக்கா பால்ச்சாமி," என்றார்.

கடைக்குப் பின்னால் வீட்டிலிருந்து ஜெகதீஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள். வீடியோவை வெட்டி ஒட்டியவள் அவள். தாலி கட்டுகிற இடத்தில் மற்ற வீடியோக்களைப் போலப் பாட்டுத்தானே என்ற பழக்கத்தில் மேலோட்டமாகத் தள்ளிவிட்டுப் போனவளும் அவள்தான். வெளியே வந்து, அது மேளத்தின் தப்பாக இருக்காது, கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று சொன்னாள். வெள்ளத்துரை தலையை ஆட்டினார். கம்ப்யூட்டர் கோளாறு என்று சம்மந்தியம்மாவிடம் அவரும் சொல்லிப் பார்த்தாராம். "அப்ப தாலி கட்டுனதைக் கண்ணால பாத்த ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றாராம் அந்தம்மா.

கேட்க என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது. மண்டபம் நிறைய ஆள். ஆனால் தாலி கட்டியதைப் பார்த்தவர் என்று யாரும் இல்லை. மணவறைக்கு முன்னால் பால்ச்சாமியும், போட்டோ எடுக்கிறவரும், லைட்டுப் பிடிக்கிறவரும் வரிசையாக நின்றுகொண்டால் பின்னால் இருக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? அத்தனை பேரும் பால்ச்சாமியின் முதுகில் அட்சதை போட்டுவிட்டுச் சாப்பிடப் போனவர்கள். முன்னால் நின்ற மூவரும், பிரேமைப் பார்த்தோம், மேளத்தை யார் கவனித்தது என்றார்கள். ஐயர் அடுத்த மண்டபத்துக்கு ஓடுகிற அவசரத்தில் இருந்தவர். மேளக்காரர்கள், சாடை வந்தது, தட்டினோம் என்றார்கள். அசோக்கைக் கேட்டதற்கு, படபடப்பில் ஒன்றும் ஞாபகம் இல்லை என்றான். நம்ம பக்கத்தில் கல்யாணத்தை நேரில் பார்க்கிற வழக்கம் ஒழிந்து வெகுகாலம் ஆகிறது, எல்லாரும் வீடியோவில்தான் பார்க்கிறோம்.

ஜெகதீஸ்வரி வேலையில் இறங்கினாள். கேமராவிலிருந்து எடுத்து வைத்திருந்த மூலப் பதிவைப் போட்டுப் பார்த்தால் அதிலும் அதே கூத்து. பிறகுதான் உறைத்தது, போட்டுப் பார்க்கிற பிளேயரும் அதே இலவசக் கருவியின் மேல் ஓடுகிறதுதான். கேமரா கார்டையோ பால்ச்சாமி அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார். சரி, பதிவின் தொடக்கத்திலிருந்து வருவோம் என்று பார்த்தாள். மாப்பிள்ளை அழைப்பில் சத்தமும் படமும் கச்சிதமாகச் சேர்ந்திருந்தன. போகப் போகச் சத்தம் முந்தியது, படம் பின்னால் நடந்து வந்தது. மணவறைக்கு வருவதற்குள் நல்ல தூரம் விழுந்துவிட்டது.

காரணத்தைத் தோண்டினால் அது பால்ச்சாமியின் கட்டைவிரலில் போய் நின்றது. அவர் டேப் காலத்து ஆள். டேப் தீர்ந்துவிடும் என்று, ஐயர் மந்திரத்தை நீட்டினால் கேமராவை நிறுத்துவார், தட்டு வந்தால் ஓடவிடுவார், தாம்பூலம் மாற்றப் பெரியவரைத் தேடப்போனால் மறுபடி நிறுத்துவார். டேப் போய் கார்டு வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, விரல் மட்டும் மாறவில்லை. ஓடவிட்டால்தான் என்ன என்று கேட்டால், "தண்ணிக் குழாயைத் திறந்துபோட்டுட்டு யாராச்சும் போவாகளா?" என்பார். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் படம் முடிகிற இடமும் சத்தம் முடிகிற இடமும் மயிரிழை பிசகும். கருவி அந்த இடத்தில் சத்தத்தை நெருக்கி ஒட்டியது, படத்தை அப்படியே இடைவெளியோடு விட்டது. ஒரு தரம் நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. பால்ச்சாமி நிறுத்துகிற நிறுத்தலுக்குத் தாலியே தள்ளிப்போய்விட்டது.

ஜெகதீஸ்வரிக்கு அன்று வந்த சந்தோஷம் இருக்கிறதே, பெண் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதையே ஒரு நிமிஷம் மறந்துவிட்டாள். கோளாறு பிடிபட்டுவிட்டது. எழுதி அனுப்பினாள்.

அங்கே இதைக் கவனிக்கிறவர் ஹென்ரிக் என்று ஒருவர், வருஷத்தில் பாதி பனி பெய்கிற ஊர்க்காரர். தன்னிடம் அப்படி நடக்கவில்லை என்று ஒரே வரியில் பதில் போட்டு விஷயத்தை மூடிவிட்டார். இவள் திறந்தாள். ஒரே பதிவில் இத்தனை தடவை நிறுத்துகிற மனிதர் உலகத்தில் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார், எனக்குத் தாலி கட்டியிருக்கிறார் என்று எழுத நினைத்து, பண்பாக வேறுமாதிரி எழுதினாள். சத்தம் கொஞ்சம் முந்தினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டார். அங்கேதான் இவள் கெட்டிமேளத்தைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதவேண்டி வந்தது. படித்துவிட்டு, அப்படியானால் அது செல்போனில் வருகிற மணிபோல ஓர் அறிவிப்பா என்றார் ஹென்ரிக். இல்லை, மற்றச் சத்தம் கேட்காமல் இருக்க அடிப்பது என்றாள். அப்படியென்றால் இரைச்சலை அடக்குகிற இரைச்சலா, அருமையான யோசனை என்று எழுதினார். அதன்பின் மனுஷர் ஆர்வமாகிவிட்டார். மாதிரிக்கு ஒரு வீடியோ அனுப்பு, சோதித்துப் பார்க்கலாம் என்றார்.

அடுத்த வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தைத் தூக்கி உலகத்துக்கு முன்னால் வைக்க முடியுமா? ஆவுடைத்தாயைக் கூப்பிட்டுச் சுவர் ஓரம் உட்காரவைத்து, ஒரு சில்வர் தட்டையும் கரண்டியையும் கையில் கொடுத்து, விட்டுவிட்டுத் தட்டச் சொன்னாள். பால்ச்சாமி தன் வழக்கப்படி நிறுத்தி நிறுத்திப் படம் பிடித்தார். அவர் வாழ்க்கையில் அவர் விரலுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். ஓட்டிப் பார்த்தால் தட்டுச் சத்தம் முதலில் வந்தது, ஆவுடைத்தாயின் கை அப்புறம் இறங்கியது. ஹென்ரிக் அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு, நீ சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டார்.

திருத்தத்தை எழுதி அனுப்பினாள். எடுத்தவுடன் சேர்த்துக்கொள்கிற ஆளா ஹென்ரிக்? அங்கே இடம் விடு, இங்கே பெயரை மாற்று என்று நச்சரித்தார். எல்லாவற்றுக்கும் இறங்கி வந்தவள், ஒன்றில் மட்டும் சண்டை போட்டாள். இந்தத் திருத்தம் வேண்டாம் என்கிறவர்கள் அணைத்துவைக்க ஒரு சுவிட்சும் வேண்டும் என்றார் அவர். படமும் சத்தமும் சேராமல் இருக்கணும் என்று எவனாவது கேட்பானா என்று இவளுக்கு ஆத்திரம். உலகம் பெரியது, யாருக்கு என்ன தேவையோ யார் கண்டது என்று அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். வாய்க்குள் முனகிக்கொண்டே சுவிட்சையும் எழுதிச் சேர்த்தாள். திருத்தம் ஏறியது, நன்றிப் பட்டியலில் அவள் பெயரும் ஏறியது. ஆவுடைத்தாய் தட்டைத் தட்டிய படமும் கருவிக்குள்ளேயே தங்கிவிட்டது. இனி உலகத்தில் யார் அந்தக் கருவியில் கைவைத்தாலும், கைவைத்தது சரியா என்று பார்க்க முதலில் ஆவுடைத்தாய் ஒருதரம் தட்டைத் தட்டுவார். இதைச் சொன்னதற்கு அவர், தட்டு நெளிந்துபோச்சு, அதுக்கு என்ன சொல்றாக என்று கேட்டார்.

இதெல்லாம் நடந்து முடிய ஆவணி பாதி போய்விட்டது. திருத்திய கருவியில் சுவாதியின் கல்யாணத்தை ஓடவிட்டாள். பால்ச்சாமியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள், அவரும் பார்க்கட்டும் என்று. தவில்காரர் கை விழுகிற இடத்தில் அடி கேட்டது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புகிற இடத்தில் ஊதல் வந்தது. ஜெகதீஸ்வரி கையைத் தட்டாத குறை.

கெட்டிமேளம் தொடங்கியது. அசோக் தாலியை எடுத்து சுவாதியின் கழுத்துக்குக் கொண்டுபோனான். அந்த இடத்தில், மேளத்துக்கும் மேலே, கேமரா மைக்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாப்ள, அப்படியே இருங்க. இங்க பாருங்க. லேசாச் சிரிங்க."

அசோக் அப்படியே நின்றான். பார்த்தான், சிரித்தான். தங்கமான பையன், சொன்னபடி கேட்பவன். மேளம் உச்சத்துக்குப் போய், இறங்கி, ஓய்ந்தது. "ம், கட்டலாம்" என்றது குரல். கட்டினான். தும்மல், முடிச்செல்லாம் விழுந்து, அட்சதையும் ஓய்ந்த பிறகு எங்கேயோ போய் விழுந்தது.

மாப்பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை முன்பே பார்த்திருக்கிறாள், வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள். குரலையும் கேட்டுத்தான் இருக்கிறாள், ஆனால் அப்போது அது சம்மந்தி அட்சதைத் தட்டை நீட்டுகிற படத்தின்மேல் வந்து விழுந்தது. புருஷன் குரல் இல்லாத வீடியோ எது? அவள் காது அதைத் தள்ளிவைத்துப் பழகிவிட்டது. இப்போது உலகத்தையே திருத்தி, சத்தத்தை உரிய இடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தாள். உட்கார்ந்த இடம் இது.

அவள் திரும்பிப் பால்ச்சாமியைப் பார்த்தாள். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அந்த ஷாட்டு நல்லா வந்திருக்குல்ல," என்றார் மெதுவாக.

அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் எழுந்துபோய் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினாள். பால்ச்சாமி பின்னாலேயே வந்து நிலையில் சாய்ந்து நின்றார். எல்லாருக்கும்தான் அப்படிச் சொல்வேன், மற்ற மாப்பிள்ளைகள் இரண்டு நொடியில் கட்டிவிடுவார்கள், இவன் நான் சொல்கிற வரைக்கும் நிற்பான் என்று நான் கண்டேனா என்றார். பாவம், அதுவும் நிஜம்தான். இதைக் கொண்டுபோய்க் கோகிலாம்பாளிடம் காட்டலாமா? காட்டினால் மேளக்காரர் தப்பு இல்லை, பெண் வீட்டார் தப்பும் இல்லை என்று தெரியும், ஆனால் மேளம் ஓய்ந்து ஏறிய தாலி மேளம் ஓய்ந்து ஏறியதாகவே இருக்கும். அதைக் காட்டிச் சுவாதி ஊர் போய்ச் சேரமாட்டாள். பால்ச்சாமி தை மாதம் கேமராவைத் துடைத்து வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரலாம்.

மறுநாள் காலையில் ஜெகதீஸ்வரி ஒரு முடிவுக்கு வந்தாள். படத்தில் அசோக் இளித்துக்கொண்டு நிற்கிற பகுதியை மட்டும் வெட்டி எறிந்தாள். புருஷன் குரலையும் எடுத்தாள். மேளத்தைத் தொடவில்லை. இப்போது மேளம் உச்சத்தில் இருக்கிறபோது முடிச்சு விழ வேண்டும். ஓட்டிப் பார்த்தால் விழவில்லை, பழையபடி மேளம் முடிந்துதான் விழுந்தது. மறுபடி வெட்டினாள், மறுபடி அப்படியே. கருவி அவளை ஏமாற்றவில்லை. இங்கே ஏதோ படம் துண்டாகியிருக்கிறது, சத்தத்தை உரிய இடத்துக்குத் தள்ளிவைப்போம் என்று, அவள் கற்றுக்கொடுத்தபடி நேர்மையாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவளுக்கு அந்தச் சுவிட்ச் ஞாபகம் வந்தது. எவன் கேட்பான் என்று கத்தினாளே, அதேதான். உலகத்தில் அதை முதன்முதலாக அணைத்தவள் அவளாகத்தான் இருப்பாள். ஹென்ரிக் இருக்கிற திசை எதுவென்று தெரியாமல் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டாள். ஓரத்தில் தவில்காரர் கை சத்தத்தோடு சேராமல் அல்லாடிக்கொண்டிருந்தது, அவர்மேல் பூ கொட்டுகிற மாதிரி ஒரு டிசைனைப் போட்டு மறைத்தாள்.

வெள்ளத்துரை சம்மந்தி வீட்டாரைப் பரளச்சிக்கு வரவழைத்தார். கோகிலாம்பாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்து, டிவிக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் கோளாறு இருந்ததையும், அதை வெளிதேசத்துக்காரர்களே ஒத்துக்கொண்டு சரிபண்ணியதையும் ஜெகதீஸ்வரி சொன்னாள். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. சொல்லும்போதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மேளம் முழங்கியது, முழக்கத்துக்கு நடுவே முடிச்சு விழுந்தது, பூவாகக் கொட்டியது. மறுபடி போடச் சொன்னார் கோகிலாம்பாள். அப்புறம் இன்னொரு தரம். பார்த்து முடித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நெசத்தை மறைக்க முடியுமா? இப்பத்தான் மனசு ஆறுச்சு," என்றார்.

அன்றைக்கே கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பவேண்டும் என்று ஒரே பரபரப்பு. ஜெகதீஸ்வரி கொல்லைப்புறம் கைகழுவப் போனாள். அங்கே சுவாதி தனியாக நின்று தலையில் பூவைச் செருகிக்கொண்டிருந்தாள். சந்தோஷமா தாயி என்று இவள் கேட்டாள். சுவாதி பூவைச் செருகி முடித்துத் திரும்பினாள்.

"அவுகளைக் கேமராவைப் பாத்துச் சிரிக்கச் சொன்னது உங்க வீட்டு அண்ணன்தானே அக்கா. மேளம் ஓஞ்சு போச்சு, எனக்கு அப்பவே தெரியும்."

தெரிந்தும் ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று ஜெகதீஸ்வரி கேட்டாள்.

"கழுத்து எனக்குத்தானே இருந்துச்சு. யாராச்சும் எங்கிட்ட வந்து கேப்பாகன்னு பாத்தேன். எங்க அப்பா கேக்கலை, அவுக அம்மா கேக்கலை. நீங்களும் கேக்கலையே."

திருச்சுழியிலிருந்து பரளச்சிக்கு ஒரு பஸ். பனிதேசத்து மனுஷரிடம் கெட்டிமேளத்தை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு, இந்தப் பஸ்ஸில் ஏறவேண்டும் என்று தோன்றவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயெடுப்பதற்குள் வாசலிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

கார் கதவைத் திறந்துகொண்டு அசோக் நின்றான். வெள்ளத்துரை அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராகு காலம் வரப்போகுது, ஏறுங்க ஏறுங்க என்று கோகிலாம்பாள் முன்சீட்டிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார். சுவாதி ஒரு காலை உள்ளே வைத்தாள். பால்ச்சாமி எங்கிருந்தோ கேமராவோடு முன்னால் வந்து நின்றார்.

"அப்படியே இரும்மா. இங்க பாரு. லேசாச் சிரி."

அசோக் நின்றுவிட்டான். கதவைப் பிடித்தபடியே பால்ச்சாமியைப் பார்த்து அவன் சிரிக்கத் தொடங்கியதைப் பார்த்ததும் ஜெகதீஸ்வரி விறுவிறுவென்று போய், கேமராவின் கண்ணில் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"நீ ஏறு தாயி," என்றாள்.

அந்தப் பதிவு இன்னும் அவளிடம் இருக்கிறது. படம் முழுக்க இருட்டு. கார்க் கதவு சாத்துகிற சத்தமும், சுவாதி சிரிக்கிற சத்தமும் மட்டும் கேட்கும்.